ஓடிக்கொலோன் பூசிய கழுதைக்குட்டி

மன்னார்,
பாஸ்கு கழிந்த செவ்வாய்.

என் செல்ல மகள் சுவேதினிக்கு,

மடு மாதாவின் துணையால் நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று செபிக்கிறேன். இங்கே நாங்களும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம் எழுதுகிறேன், நீ சிரிக்காதே.

தாய்க்கழுதையை வாகனம் அடித்துப் போட்ட பிறகு நான் வீட்டுக்குக் கொண்டுவந்த குட்டியைத் தெரியும்தானே. தவக்காலம் முழுக்க அவனுக்கு நான்தான் தாய். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போத்தலில் கொடுத்தேன். பின்பக்கமாய்ப் போனால் வெருளுவான், முன்னால் போய் ஒரு கையை நெஞ்சிலும் மறு கையைப் பின்தொடையிலும் அணைத்தால் பேசாமல் நிற்பான். விளையாட்டுக்குக் கடித்தால் மட்டும் விடமாட்டேன், இப்போது செல்லமாயிருக்கும், வளர்ந்தால் அதே பல் ஆளைக் காயப்படுத்தும். உன்னைக்கூட நான் இப்படி வளர்க்கவில்லையாம், அப்பா சொல்லுகிறார். அவர் கிடக்கட்டும்.

இதற்குள் தன் குட்டியைப் பறிகொடுத்த பெட்டைக் கழுதை ஒன்று, மடியில் பால் கட்டி, எங்கள் வேலியடிக்கு வரத் தொடங்கியது. இரண்டு நாள் இவனை முகர்ந்தாள், மூன்றாம் நாள் பால் குடிக்க விட்டாள். தாய்ப்பால்தானே உடம்பில் ஒட்டும் என்று எனக்குச் சந்தோசம். அதை நானே கெடுத்தேன் பிள்ளை. குருத்து ஞாயிறு பவனிக்குக் குட்டியைக் கொண்டு வரச்சொல்லிப் பங்குச் சுவாமியார் கேட்டார். முதுகில் சிலுவைக் கோடு உள்ளவன் யேசுவுக்கு முன்னால் நாறிக்கொண்டு போகலாமா? சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, நீ அனுப்பின ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரில் பாதியை ஊற்றித் தேய்த்தேன். சனமெல்லாம் கொஞ்சிப் படம் எடுத்தார்கள். திரும்பி வந்ததும் பெட்டை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டாள் ஒரு உதை. அதன் பிறகு கிட்ட அண்ட விடவில்லை.

சிலாவத்துறையில் மாடு வளர்க்கிற ஜவாஹிருக்குப் போன் எடுத்தேன். அக்கா, அவள் பிள்ளையை மணத்திலதான் அறிவாள், நீங்கள் மணத்தைக் கழுவிப்போட்டு அவளில பிழை சொல்லுறியளே, வெறுந்தண்ணியில கழுவி அவளின்ர விட்டையைப் பூசுங்கோ, நீங்கள் கண்ணில படாதேங்கோ, உங்களைக் கண்டா அவன் அவளைத் தேடமாட்டான் என்று ஏசினார்.

அவர் சொன்னபடியே கழுவி, விட்டையைப் பூசிவிட்டு, உயிர்த்த ஞாயிறான பாஸ்கு வரைக்கும் குசினி அடுப்படிக்குள் ஒளிந்திருந்தேன். அவன் கத்துவான், நான் செபமாலை சொல்லுவேன். அப்பாதான் இடைக்கிடை பால் கொடுத்து உயிரைக் காத்தார், என்னை வாசல் தாண்ட விடவில்லை. பாஸ்குப் பூசை முடிந்து வந்து பார்த்தால் அவன் அவளின் மடியில் வாய் வைத்து வாலை ஆட்டி ஆட்டிக் குடிக்கிறான். மனம் கேளாமல் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தான், வரவில்லை. சந்தோசம்தான், ஆனாலும் போத்தலைக் கீழே வைக்காமல் நின்றேன்.

பிள்ளைப்பேறுக்கு வரச்சொல்லி நீ கெஞ்சியபோது, குட்டியை விட்டிட்டு எப்படி வாறது என்று சொன்னேனே, அது பொய். பிளேனுக்குப் பயம், பாஷை தெரியாத நோர்வே ஆஸ்பத்திரியில் உனக்குப் பாரமாய் நிற்பேனோ என்று அதைவிடப் பயம். சரியம்மா என்று சொல்லி நீ போனை வைத்த குரல் இன்னும் காதில் நிற்கிறது. இனிச் சாட்டுச் சொல்லக் குட்டியும் இல்லை. நேற்றுப் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தாயிற்று, விசாக் கடுதாசிகளை அனுப்பு.

அதுவரை பாரம் தூக்காதே, இரும்புக் குளிசையை மறக்காதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. பிள்ளை பிறந்ததும் சென்ற் வாசனை பூசின ஒருவரையும் கிட்ட விடாதே, என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். முதலில் அது உன் மணத்தை அறியட்டும். பிறகு என்னிடம் தா.

உன் வரவழைப்புக்குக் காத்திருக்கும்
அம்மா பெற்றிசியா