வரப்பைக் காட்டாத லைட்டு

மாமா,

நீ தூங்கும்போதே கெளம்பிட்டேன். டார்ச் லைட்டு வாங்க உத்திரமேரூர் போறேன். கேவுரு கூழு கரைச்சி வச்சிகீறேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு அடுப்பாண்ட மூடிகீது. என் மேல கீற கோவத்துல துன்னாம கெடக்காத.

போன மாசம் ஆசையா வாங்கினு வந்தியே, அந்த நீட்டு லைட்டு பனைமரத்து உச்சியக் காட்டுது. காலடில கீற வரப்பக் காட்டல. அதனாலதான் நேத்து மோட்டார் போடப் போயி மடையில சறுக்கி விழுந்த. அதச் சொன்னா, "லைட்டப் பத்தி உனக்கு இன்னா தெரியும்"னு கத்துற.

பட்டப்பகல்ல கடை வாசல்ல அடிச்சிப் பாத்தா இன்னா தெரியும்? நான் கடைக்காரர் குடோனுக்குள்ள போயி, கதவ மூடச் சொல்லி, தரையில அடிச்சிப் பாத்துதான் வாங்குவேன். வெளிச்சம் அகலமா விழணும். சேத்துல விழுந்தாலும் அணையக்கூடாது.

மோட்டார் கொட்டா சாவி என்கிட்ட கீது, தேடாத. உன் கால் வீக்கம் வடியிற வரைக்கும், ராத்திரி கரண்ட் வந்தா நான்தான் போயி போடுவேன். பொம்பள தனியா போவாதன்னு ஆரம்பிக்காத.

கெஜா

புளியும் உப்பும் கொதிக்க வச்சி கிண்ணத்துல கீது. லேசா சூடு பண்ணி வீக்கத்து மேல பத்து போடு.

இன்னொண்ணு. நீட்டு லைட்ட கடாசிடாத, சார்ஜ் போட்டு வையி. நான் கழனில கீறப்ப வாசல்ல குந்திகினு பனைமரத்து உச்சில அடி. நீ முழிச்சினு கீற, கோவமும் போயிடிச்சின்னு தெரிஞ்சிக்குவேன்.