சீட்டில் வந்த கட்சி

களமருதூர்,
28-9-87

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கும் எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், இந்த முறை எழுதக் கை வரவில்லை. மறியல் நடந்த வாரம் முழுக்கத் தபாலும் இல்லை பஸ்ஸும் இல்லை, உளுந்தூர்பேட்டை ரோடு நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். போலீசுக்குப் பயந்து ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் கல்வராயன் மலைப்பக்கம் போய்விட்டார்கள், கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்க ஆளில்லை. அப்பாவுக்கு இருமல் அப்படியே இருக்கிறது.

உன் தம்பி அறிவுச்செல்வனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆடித் திருவிழாவில் வழக்கம்போல் பட்டிமன்றம் வைத்தார்கள். நம் சாதிக்கு ஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறிப்பது சரியா தப்பா என்று தலைப்பு. யாருக்கு எந்தக் கட்சி என்று சீட்டுக் குலுக்கித்தானே போடுவார்கள், உனக்குத் தெரியாததா, நீயே ஒரு வருஷம் மாமியார் கட்சி பேசிக் கைதட்டல் வாங்கினவள். இவனுக்குத் தப்பு என்கிற சீட்டு வந்தது, இவன் கூட்டாளி கொளஞ்சியப்பனுக்குச் சரி என்கிற சீட்டு. கொளஞ்சிக்கு மறியலே பிடிக்காது. நம்மவனோ அதற்காகச் சுண்ணாம்பு வாளியும் கையுமாகச் சுவர் சுவராக எழுதினவன். ஆனாலும் வந்த கட்சிக்கு வஞ்சனை இல்லாமல் பேசினான். பிரசவத்துக்குப் போகிற வண்டியை மறித்தால் பிறக்கப்போவது யார் பிள்ளை என்று கேட்டுவிட்டா வழிவிடுவீர்கள் என்று கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இவன்தான் ஜெயித்தான். மனசில் இல்லாததையே இன்னா போடு போட்றான் பார்ரா என்று எல்லோரும் தோளில் தட்டினார்கள்.

மறியல் முதல் நாள் இவனும் போய் ரோட்டில் உட்கார்ந்தான். போலீஸ் வந்து சிலரைப் பிடித்துப்போனதும், காட்டிக்கொடுத்தது யார் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. மேடையேறி மறியல் தப்புன்னு பேசினவன் இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கான் என்று எவனோ கேட்டிருக்கிறான். அது சீட்டில் வந்தது, சீட்டில் வந்தது என்று இவன் கத்தினானாம். கைதட்டினவர்களே அடித்தார்கள். இடது காது போய்விட்டது, இனிமேல் கேட்காது என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லிவிட்டார். மறியலுக்கே வராமல் வீட்டில் படுத்திருந்த கொளஞ்சியை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. அவன் வந்து கட்டிலோரம் அழுதுவிட்டுப் போனான், வெளியே வாய் திறக்கவில்லை.

பேசினால் தீராதது உண்டா என்று அப்பா வீடு வீடாகப் போய்ப் பேசினார். வருகிற வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டிருக்கிறார்கள். அன்று பேசினது என் கருத்து இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். உண்மைதானே, சொல்லிவிட்டு வாடா என்று சோறு போடும்போது கெஞ்சினேன். அவன் நல்ல காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, அப்ப என் கருத்து இல்லம்மா, அடி வாங்கினதுலேந்து யோசிச்சிக்கினே இருக்கறேன், இப்ப அதான் என் கருத்து, அதத்தான் சொல்லப்போறேன் என்றான். அவன் சொல்வது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. என் பிள்ளை எனக்கு உயிரோடு வேண்டும்.

நீ சொன்னால் கேட்பான், ஆனால் இந்தக் கடிதம் பிலாய் வந்து சேர்வதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். கூட்டம் முடிந்த கையோடு அவனை உன்னிடம் ரயிலேற்றிவிட நினைத்திருக்கிறேன். வந்தால் வலது பக்கமாக உட்கார்ந்து பேசு, வாதாடாதே, முதலில் சோறு போடு. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி, நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். தம்பி வந்து சேர்ந்ததும் ஒரு கார்டு போடு. வராவிட்டால் நீ புறப்பட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்சவள்ளி