நேஷனாலிட்டி உள்ள பெண்

இன்று காலை ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. சென்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்; பிரித்ததும் குமட்டியது. மாப்பிள்ளை யார் தெரியுமா? உன்னைக் கேட்டு அலைந்தானே வில்லியனூர்க்காரன், அவனேதான். உன்னைப் புதைத்த மண் காய்வதற்குள் இன்னொருத்தியைப் பிடித்துவிட்டான். மற்றவர்கள் படிப்பைப் போடுகிற இடத்தில், பெண்ணின் பெயருக்குக் கீழே, 'பிரெஞ்சு நேஷனாலிட்டி' என்று அச்சடித்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

உன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் உங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அந்த நாட்டுக் குடியுரிமை. உன்னைக் கட்டுகிறவன் உன் பின்னாலேயே பிரான்சுக்குப் போய்விடலாம். உனக்கு மீசை முளைத்திருந்தால்கூட உங்கள் ஊர் உறுவையாற்றில் மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றிருப்பார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் நர்சிங் முடித்த கையோடு ஜெர்மன் படிக்கக் கிளம்பினாய். "பிரான்சுல எறங்குனா சொந்தக்காரங்க மொய்ச்சிக்குவாங்கடி. ஜெர்மனில நம்மள எவனுக்குத் தெரியும்?" என்றாய். கரியமாணிக்கத்துக் கரும்புக்காரர் மகள் நான், விசாவுக்கு நாயாய் அலைந்து வந்து சேர்ந்தேன். நீ கையை வீசிக்கொண்டு வந்து இறங்கினாய். உன்மேல் பொறாமையே இல்லை என்றால் அது பொய்.

திங்கட்கிழமைதோறும் ஜெர்மன் வகுப்பில் ஆசிரியை கேட்பார், சனி ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று. மற்றவர்கள் மலைக்குப் போனோம், ஏரிக்குப் போனோம் என்பார்கள். நாம் இரண்டு பேரும் சமைத்தோம், துவைத்தோம். அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சில், ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் உன் அத்தை போன் செய்து, "சும்மா வாங்கடி, பிரியாணி பண்றேன், பெரிய மாதா கோயிலப் பாத்துட்டுப் போலாம்" என்றதும் குதித்துக்கொண்டு கிளம்பினோம். டிராமில் ரைன் ஆற்றைத் தாண்டும்போது நீ கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தாய். திங்கட்கிழமை சொல்ல ஒரு கதை கிடைத்ததே என்று உனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அத்தை வீட்டில் நம்மை வரவேற்றது பித்தளைத் தட்டு. வெற்றிலை, பழம், தமிழ்க் கடையில் வாங்கிய மல்லிகை. பூ ஜாடியில் சாய்த்து வைத்த போனில் வில்லியனூர்க் கூட்டம் மொத்தமும் தெரிந்தது. அந்த வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு அவன் வேர்த்து வழிந்தான். அவன் அம்மா கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"பாஸ்போர்ட்டு பொண்ணுகிட்டதான கீது?"

எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. மாடு வாங்க வருகிறவன்கூடப் பல்லைப் பார்த்துவிட்டுத் தட்டிக் கொடுப்பான்.

அத்தை பின்னால் வந்து உன் தலையில் பூவைச் செருகினாள். "அவங்க சார்பா நான் வச்சிட்டேன். மத்தத உங்கப்பாகிட்ட பேசிக்கலாம்." நம் பக்கம் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதைப் போனிலேயே முடிக்கப் பார்த்தார்கள், கேடுகெட்டவர்கள்.

நீ கத்தவில்லை. பூவைக் கழற்றி, ஃபிரிட்ஜ் மேல் இருந்த மாதா சிலைக்கு வைத்தாய். "இவங்களுக்கு வைங்க அத்த. எந்த ஊரு பாஸ்போர்ட்டுன்னு மட்டும் இவங்களக் கேட்டுடாதீங்க." போனை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். நான் தட்டைத் தொடவில்லை. "சோறு இன்னாடி பண்ணுச்சு? துன்னு" என்று அதட்டினாய்.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து, அழகான ஜெர்மனில், "அத்தை வீட்டில் என்னை விற்கப் பார்த்தார்கள், நான் விலைக்கு இல்லை" என்றாய். ஆசிரியை அடுத்தவனிடம் போய்விட்டார்.

தேர்வு முடிந்து லீவில் நாம் ஊருக்கு வந்த இடத்தில் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவளை வண்டியில் கொண்டுவந்தார்கள்.

உனக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம், அந்த வில்லியனூர்க்காரர்கள் வந்தார்கள். அம்மாவும் மகனும். கையில் மறுபடியும் தட்டு. "எங்க வூட்டுக்கு வெளக்கேத்த வரவேண்டியவளாச்சே" என்று அந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள். சிந்திய கையோடு உன் அம்மாவிடம், "சின்னவளுக்கும் நேஷனாலிட்டி கீதுல்ல?" என்றாள். உன் அம்மா அழுது அழுது ஓய்ந்துபோயிருந்தார். எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பார்.

உன் தங்கைதான் எழுந்து வந்தாள். "எங்கக்கா இன்னாத்துல செத்தா, தெரியுமா உங்களுக்கு?"

அந்த அம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான். "ஏதோ வண்டி மோதிடுச்சின்னு..." என்று இழுத்தாள்.

"காய்ச்சலு. போயிட்டு வாங்க."

தட்டோடு போனார்கள். உன் தங்கை அதன் பிறகுதான் அழுதாள்.

"மன்னிச்சிடும்மா, மனசுல வச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்கிறார் உன் அம்மா. என்னால் முடியாது. அந்தக் கும்பலுக்கு உன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு பாஸ்போர்ட். என் காலுறையைத் திருடிப் போட்டுக்கொண்டு, கேட்டால் முழிப்பாய். தூக்கத்தில் பல்லைக் கடிப்பாய். வகுப்பில் பேச எழுந்தால் உன் கை வேர்க்கும், என் தோளைப் பிடித்துக்கொள்வாய். முதல் சம்பளத்தில் ஒரு சிவப்பு சைக்கிள் வாங்கி, தனியாக ஆற்றங்கரை ஓரமாகவே போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பாய். இதில் ஒன்றைக்கூட எவனும் கேட்டதில்லை. எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. அந்த சைக்கிளை வாங்காமலே போய்விட்டாயே, பாவி.