அப்பா கண்டுபிடித்த கரடி

பினேகா ஆற்றங்கரை, நம் வீடு
ஜனவரி 16

அன்புள்ள தம்பி லுக்யானுக்கு,

அக்கா தைசியா எழுதுவது. நீயும் ரிம்மாவும் குட்டி வார்யாவும் ஓம்ஸ்க் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் அப்பாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் பண்டிகை என்றால் அந்த வலி லீவு போட்டுவிடுகிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். அப்பா பேச்சை எடுத்ததும் "அக்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தையும் தூக்கி வைப்பாய், ஆனால் ராத்திரி எடுத்துப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு என் சிலி நாட்டு நண்பர்களை ஊருக்கு அழைத்து வந்தேன். இனெஸும் அவள் கணவர் அன்செல்மோவும் ஆர்க்கான்கெல்ஸ்கில் எனக்கு எதிர் வீடு. பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் அன்று வியர்த்துக் கொட்டுமாம். இனெஸ் நம் ரஷ்ய மொழியைச் சரளமாகப் பேசுவாள். அன்செல்மோவுக்கு "வணக்கம்", "நன்றி", "இன்னும் கொஞ்சம்" மட்டும்தான் தெரியும். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அம்மா அவரைத் தத்தெடுத்துவிட்டாள்.

நாம் வேஷம் கட்டி வீடு வீடாகப் போவதைப் பற்றி நான் அளந்துவிட்டதைக் கேட்டு, தாங்களும் வருவோம் என்று ஒரே பிடிவாதம். எனக்கும் ஒரு குறும்பு தோன்றியது. முகத்தை எப்படி மூடினாலும் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிறவர் நம் அப்பா. அவர் முன்னால் கண்டுபிடிக்கவே முடியாத ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்! அதனால் விருந்தாளிகள் மறுநாள்தான் வருகிறார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவர்களை நேரே பக்கத்து வீட்டு பாம்ஃபில் மாமாவிடம் இறக்கினேன். எல்லாரும் அங்கேதான் வேஷம் கட்டினோம்.

மாமாதான் மணப்பெண். தாடிக்கு மேல் ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு வெட்கப்பட்டார் பார், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. இனெஸ் கோட்டின் ஒரு கைக்குள் கம்பைச் செருகி, அதையே அலகாக நீட்டிய கொக்கு. நான் அப்பாவின் பழைய கால்சட்டையில் குடிகாரக் கிழவன். அன்செல்மோவுக்குத்தான் எந்தக் கோட்டும் போதவில்லை. உன் உயரம், உன் தோள். எங்களுக்கு உதவ வந்திருந்த அம்மா வீட்டுக்குப் போய், உன் ஆட்டுத்தோல் கோட்டை எடுத்து வந்தாள். நீ போனதும் யாருக்காவது கொடுத்துவிடு என்று அப்பா சொன்ன அதே கோட்டு. நாலு வருஷமாகப் பெட்டியடியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருக்கிறாள். அதை உள்புற ரோமம் வெளியே வரப் புரட்டிப் போட்டு, முகமூடியும் மாட்டியதும் அருமையான கரடி கிடைத்துவிட்டது.

அன்செல்மோவுக்கு நம் விளையாட்டு விதியைச் சொன்னேன். வாயைத் திறக்கக் கூடாது. என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். வீட்டுக்காரர் ஆளைத் தப்பாகச் சொன்னால், கரடி கேட்பதை அவர் செய்ய வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினோம். அப்பா பெஞ்சில் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். மாமா வாசல்படியைத் தாண்டவில்லை, அதற்குள் "ஏய் பாம்ஃபில், முக்காடு போட்டா வாத்து நடை மறைஞ்சிடுமாடா? இந்தப் பொண்ணை எவன் கட்டுவான்?" என்றார். என்னைப் பார்த்து, "தைசியா, போகும்போது என் கால்சட்டையை வச்சிட்டுப் போ." கொக்கு அவர் காதைக் கொத்தியது. அது யாரென்று தெரியாமல் மூக்கைச் சொறிந்தார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு கரடியிடம் வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். "யாருடா நீ இவ்வளவு உயரமா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கோட்டின் அக்குளில் வெள்ளை ரோமத்துக்கு நடுவே அந்தப் பழுப்பு ஒட்டு. உன் வேட்டை நாய் கிழித்தபோது அவரே உட்கார்ந்து தைத்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"லுக்யான்?" என்றார் மெதுவாக.

நான் குறுக்கே வருவதற்குள் "வந்துட்டியாடா?" என்றார். பாவம் அன்செல்மோ, சொல்லிக்கொடுத்தபடி தலையை ஆட்டிவிட்டார்.

லுக்யான், அப்பா அந்தக் கரடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதன் மார்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று நிமிர்ந்து, "அந்தப் பொண்ணு எங்கே? குழந்தை எங்கே? குளிர்ல வெளியே நிக்க வச்சிட்டா வந்தே? உனக்கு அறிவிருக்கா!" என்று கத்திக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். தலையில் குல்லா இல்லை, காலில் வெறும் காலுறை. முற்றத்து இருட்டைப் பார்த்து, "வாம்மா, உள்ளே வா!" என்று கூப்பிட்டார்.

அன்செல்மோவுக்கு ஏதோ புரிந்துவிட்டது. முகமூடியைக் கழற்றினார். வியர்வையில் நனைந்த மீசையோடு, தெரிந்ததையெல்லாம் சேர்த்து, "வணக்கம். நன்றி" என்றார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். இனி இந்த வீட்டில் பண்டிகையே கிடையாது என்று நினைத்தேன். அப்போது மாமா முக்காட்டுக்குள்ளிருந்து க்ளுக் என்று சிரித்துத் தொலைத்தார். அப்பாவின் தோள் குலுங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து அப்படி ஒரு சிரிப்பு. துண்டால் கண்ணைத் துடைக்கிறார், மறுபடி சிரிக்கிறார், மறுபடி துடைக்கிறார். "முதல் தடவையா தோத்திருக்கேன், அதுவும் எங்கேயோ இருக்கிற சிலிக்காரன்கிட்ட!" என்றார்.

தோற்றவர் கரடி சொல்வதைச் செய்ய வேண்டுமே! இனெஸ் மொழிபெயர்த்தாள். ஒரு கேள்விக்குப் பதில் போதுமாம். வெளியே நிற்பதாக நினைத்தீர்களே, அந்தக் குழந்தையின் பெயர் என்ன?

அப்பாவுக்குத் தெரியவில்லை. நாலு வருஷத்தில் அவர் கேட்டதில்லை, எங்களையும் சொல்ல விட்டதில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா "வார்யா" என்றாள். "வார்யா" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரே ஆட்டம்தான். மணப்பெண்ணும் கரடியும் ஆடிய ஆட்டத்தில் அலமாரியிலிருந்த தட்டு ஒன்று உடைந்து போயிற்று. அம்மா முழங்காலை மறந்து கொக்கோடு சுழன்றாள். உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட ஷாங்கி ரொட்டி மூன்று தட்டு காலி. அன்செல்மோ வாயில் ஒரே "இன்னும் கொஞ்சம்"தான்!

மறுநாள் அம்மா மிருக உருவக் கொசூலி பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்தபோது, அப்பா யாரும் கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மான் செய்தார். கொம்பு கோணல். வெள்ளைச் சர்க்கரையில் பெயரும் எழுதினார். பார்சலில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன், ஜாக்கிரதையாகப் பிரி. வார்யா அதைச் சாப்பிட்டாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி.

ரிம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். அன்றைக்கு "விவாகரத்து ஆனவள் என் வாசலை மிதிக்கக் கூடாது" என்று இந்த வீட்டில் அப்பா வாயிலிருந்து கேட்டது அவளுக்கு ஆறியிருக்காது. ஆறவேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் அதே வாயிலிருந்து "வாம்மா" என்று வந்ததை நான் காதால் கேட்டேன். அவள் இல்லாத முற்றத்தைப் பார்த்துத்தான் சொன்னார். கூப்பிட்டது அவளைத்தான்.

இதை எழுதும்போது அப்பா விறகோடு உள்ளே வந்தார். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டார். உங்களுக்குத் தெரியும் என்றேன். அடுப்பில் விறகை வைத்தார், சாம்பலைக் கிளறினார், போவதாக இல்லை. கடைசியில், "மாஸ்லெனித்ஸா பண்டிகை வாரத்துல பனி வாருற வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும்னு எழுது. அதுக்கு முன்னாடி குழந்தையை வச்சுக்கிட்டு அந்த ரோட்டுல வரக்கூடாது" என்றார்.

எழுதிவிட்டேன்.

மூவரையும் கடவுள் காப்பாற்றட்டும். வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும்.

உன் அக்கா,
தைசியா