நீலோனுக்குப் பதில் நான்

நேற்று துறைமங்கலத்தில் ஒரு சீட் கவர் கடை வாசலில் மொபெட்டை நிறுத்தினேன். சீட் கிழிந்து இரண்டு மாதம் ஆகிறது. கடைக்காரர் ஸ்பாஞ்சின் மேல் ரப்பர் பசையைத் தடவி வெயிலில் காய வைத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என்னால் நிற்க முடியவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "என்னங்க, வெயில் ஒத்துக்கலையா?" என்று கேட்டு அவர் தண்ணீர் கொடுத்தார். ஆமாம், வெயில்தான் என்றேன். ஐம்பத்தாறு வயதாகிறது. யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது. நீ போய் நாலு வருஷம் ஆன பிறகு, உனக்கு மட்டும் எழுதலாம் என்று தோன்றியது.

உன்னை நான் முதலில் பார்த்ததே அந்த வாடைக்குள்தான். அப்போது பெரம்பலூரில் நான் சீட் கவரும் பையும் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஜீப்பில் ஆள் வந்தது. அரியலூர் பக்கம் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில் டிவிக்கு விண்வெளித் தொடர் எடுக்கிறார்களாம். வேற்றுக்கிரக ஆள் போட்டிருக்கும் ரப்பர் உடுப்பு முதுகில் கிழிந்துவிட்டதாம். தடித்த ஊசி மிஷின் உள்ள தையல்காரர் உடனே வேண்டுமாம். மிஷினையும் ஏற்றிக்கொண்டு போனேன். குவாரிக்குள் இறங்கினால், வெள்ளைப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறடிக்கு ஒரு நீல உருவம் நின்றது. தலையை மட்டும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாய்.

"முதுவுல நல்லா காத்து வருது மாப்ள. தைக்காமயே வுட்டுடேன்" என்றாய். முன்பின் தெரியாத என்னை எடுத்த எடுப்பிலேயே மாப்ள என்று கூப்பிட்டது நீதான்.

நீ விக்கிரமங்கலத்துக்காரன். வேறொரு குவாரியில் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாய். இடம் பார்க்க வந்த டைரக்டர் வழி கேட்க, நீ லாரியிலிருந்து இறங்கி நாலு எட்டு நடந்து வந்து வழி சொன்னாய். அந்த நாலு எட்டைப் பார்த்துத்தான் உன்னை எடுத்தார்கள். விண்கலத்துக்குள் நடக்கும் காட்சிகளை எல்லாம் சென்னையில் செட் போட்டு எடுத்துவிடுவார்கள். வெள்ளைக் கிரகத்துக் காட்சிகளுக்கு மாதம் ஐந்தாறு நாள் இங்கே வருவார்கள். அந்தக் கிரகத்தில் வாழும் ஒரே உயிர் நீலோன். பேசமாட்டான், தலையாட்டுவான், கையைக் காட்டுவான், ஆபத்து வந்தால் விண்கலத்துக்காரர்களைக் காப்பாற்றுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் அவனுக்காகவே டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த உடுப்பின் ஜிப் முதுகில் இருந்ததால், போட்டவனால் தானே கழற்ற முடியாது. அதனால் உன்னை உள்ளே வைத்து மூடவும் வெளியே எடுக்கவும் என்னையே உடுப்புக்காரனாக வைத்துக்கொண்டார்கள். ஆறு வருஷம் அந்த ஜிப்பை இழுத்தது என் கைதான்.

அந்த ஆறு வருஷத்தில் எத்தனை பேர் மாறினார்கள்! முதல் கேப்டனுக்கு சினிமாவில் வாய்ப்பு வந்தது. அடுத்த வாரமே வேறொருவர் அதே சட்டையில் வந்து நின்றார். விஷவாயு மேகத்துக்குள் போய் வந்ததில் முகம் மாறிவிட்டது என்று கதையில் சமாளித்தார்கள். அவரும் வெளிநாட்டில் குடியேறப் போனபோது, இன்னொரு காலத்திலிருந்து வந்த அதே கேப்டன் என்று மூன்றாவது ஆளைக் கொண்டுவந்தார்கள். டாக்டராக நடித்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அந்த வேஷத்துக்குக் கதைகூடச் சொல்லவில்லை. "இவருக்குப் பதில் இவர்" என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள், அவ்வளவுதான். கிளம்புகிறவருக்குக் குவாரியிலேயே கேக் வெட்டுவார்கள். சுண்ணாம்புத் தூசி படிந்த கேக்கை எல்லாரும் தின்போம். பழையவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறுவார். புதியவர் அவருடைய நாற்காலியில் உட்காருவார்.

மூன்றாவது கேக் வெட்டிய அன்று நீ சிரித்தாய். "மூஞ்சி இருக்கறவனத்தான் மாத்துவானுவ. எனக்குத்தான் மூஞ்சியே இல்லியே, என்னய எப்படி மாத்துவானுவ?" என்றாய். நானும் சிரித்தேன்.

ஏழாம் வருஷம் சித்திரையில், மத்தியான ஷாட்டில், பாறை மேல் நின்றிருந்த நீ மெதுவாக உட்கார்ந்தாய். நடிப்பு என்று நினைத்துக் கேமராவை நிறுத்தவில்லை. எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தெரிந்து ஓடி வந்து தலையைக் கழற்றினேன். உன் உதடு கறுத்திருந்தது. குவாரித் தூசி பல வருஷமாக நெஞ்சில் சேர்ந்திருக்கிறது, இனிமேல் தூசியிலும் போகக்கூடாது, மூச்சடைக்கும் எதையும் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரியை நீ அதற்கு முன்பே விட்டிருந்தாய். அடுத்த மாதம் யூனிட் வந்தபோது மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புதுசா ஒருத்தரத் தேடி, பழக்கி... அதுக்கெல்லாம் நேரம் இல்லீங்க. உடுப்பு உங்களுக்கு அத்துப்படி. அவரு எப்படி நடப்பாருன்னும் தெரியும். நீங்களே போட்டுக்கங்களேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சரிங்க என்று உடனே சொன்னேன். ஆறு வருஷம் ஜிப்பை இழுத்தவனுக்கு உள்ளே போய்ப் பார்க்கும் ஆசை இருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உன்னிடம் சொன்னேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாய். "என்ன வுட ரெண்டு இஞ்சி கொறைச்சல் நீ. பூட்ஸுக்குள்ள அட்டை வெச்சுக்க" என்றாய். அப்புறம், "வூட்ல மட்டும் தெரிய வேணாம்டா" என்றாய்.

உன் மகள் அப்போது எட்டாவது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நீலோன் பொண்ணு என்றுதான் பெயர். உன் மனைவி தமிழரசியின் அண்ணன்மார் லாரிக்காரன் என்று உன்னை மதிக்காமல் இருந்தவர்கள், தொடர் வந்த பிறகுதான் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். "அத இழக்க முடியாதுடா" என்று நீ சொன்னாய். நான் தலையாட்டினேன்.

அப்படித்தான் நாம் இருவரும் இடம் மாறிக்கொண்டோம். ஷூட்டிங் நாளில் நீ வழக்கம்போல விடியற்காலை வீட்டைவிட்டுக் கிளம்புவாய். அரியலூரில் இறங்கி, பெரம்பலூர் பஸ் ஏறி, என் கடைக்குப் போய் ஷட்டரைத் திறப்பாய். நான் அரியலூருக்கு வந்து குவாரிக்குள் இறங்குவேன். என் ஜிப்பை இழுக்க யூனிட் பையன் ஒருவன் இருந்தான். அதற்குள் என் கடை பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் கடையாகியிருந்தது. முதலில் உனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது. பிறகு நீ கட்டிய பட்டன் மட்டும் எந்தப் பிள்ளையின் சட்டையிலும் அறுவதில்லை என்று தாய்மார்கள் வந்து சொன்னார்கள்.

சாயங்காலம் மறுபடி பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம். விக்கிரமங்கலம் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருக்கும். "இன்னிக்கு நான் என்ன பண்ணுனேன்?" என்று கேட்பாய். நான் ஒவ்வொரு ஷாட்டாகச் சொல்வேன். கேப்டன் பள்ளத்தில் விழுந்தார், நீலோன் கயிறு போட்டான், டாக்டரம்மாவுக்கு ஒரு பளிங்குக் கல்லைக் கொடுத்தான். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். "கல்ல எந்தக் கையில குடுத்தேன்?" என்று கேட்பாய். வீட்டில் போய் மகளிடம் சொல்ல அது தேவைப்பட்டது. சில நாள் கோபம்கூட வரும். "கயித்த அப்படி வீசுனியா? நான் அப்படிச் செய்ய மாட்டேன்டா" என்பாய். அடுத்த நாள் உனக்குப் பிடித்த மாதிரி வீசுவேன்.

இப்படி மூன்று வருஷம். நமக்கு எந்தப் படமும் போடவில்லை, எந்தக் கேக்கும் வெட்டவில்லை.

ஒரு பங்குனியில் நீ ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய். மூன்றாம் நாள் இல்லை. உன்னை எடுத்துப் போனது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் நீலோன் வந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். "பாவம், முன்னாடியே எடுத்து வெச்சிருக்காங்க" என்றார் ஒரு பெரியவர். என் முதுகு வேர்த்துக் கொட்டியது. தமிழரசி டிவிப் பக்கம் திரும்பவே இல்லை.

காரியம் முடிந்ததும் டைரக்டரிடம் போனேன். ஒரே ஒரு தடவை உன் படத்தைப் போட வேண்டும், இவருக்குப் பதில் இவர் என்று ஒரு கார்டு போட வேண்டும் என்று கேட்டேன். என் படம் வேண்டாம், உன் படம் போதும் என்றேன். அவர் நல்ல மனிதர்தான். "வருத்தமாத்தான் இருக்குங்க. ஆனா நீலோனுக்குள்ள ஒரு ஆளு இருக்காருன்னே டிவி பாக்கற வெளியூர்ப் பிள்ளைங்களுக்குத் தெரியாதே. எப்படிங்க போடறது?" என்றார். அதோடு அந்த வேஷத்திலிருந்து நான் நின்றுவிட்டேன். மூன்றாவதாக ஒருவரைப் போட்டார்கள். ஒரு வருஷத்தில் தொடரும் முடிந்தது.

போன மாதம் தமிழரசி கடைக்கு வந்தாள். உன் மகளுக்குக் கல்யாணம். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துக் கொடுத்தாள். உன் பெயருக்கு முன்னால் அமரர் என்று அச்சடித்திருந்தது. தண்ணீர் குடித்தாள். ஃபேனைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். கடைசி மூணு வருசம் நீலோனா நடிச்சது நீங்கதானே?"

கையிலிருந்த கத்தரியை மேஜைமேல் வைத்தேன்.

"மொத ஞாயித்துக்கெழமையே தெரியும்ணே. அவரு கீழ ஒக்காந்தா முட்டியப் புடிச்சிக்கிட்டுத்தான் ஒக்காருவாரு. நீங்க பொசுக்குனு ஒக்காந்துட்டீங்க. ரப்பருக்குள்ள இருந்தா மட்டும் எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"அவரு வந்து புள்ளகிட்ட அவ்ளோ ஆசையா சொல்லுவாரு. எப்படிண்ணே கேக்கறது?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா ஒன்னுதான் தெரியல. நடிக்கவும் போவல, வேலைக்கும் போவல. காலையில போயி பொழுது சாய வருவாரு. எங்க போனாருண்ணே? வேற எங்கனா ஒரு குடும்பம் வெச்சிருக்காரோன்னு மூணு வருசம் மனசுக்குள்ளயே வெந்துக்கிட்டுக் கெடந்தேன். பொண்ணும் போவப் போறா. இப்ப கேக்காம எப்பக் கேக்கறது?"

உன் மானம், உன் மகளின் பெருமை என்று நாம் இருவரும் எவ்வளவோ கணக்குப் போட்டோம். இவள் என்ன நினைப்பாள் என்று ஒரு நாள்கூட நமக்குத் தோன்றவில்லை.

ஜன்னல் ஓரத்து நாற்காலியைக் காட்டினேன். "இங்கதாம்மா. இதுலதான் ஒக்காந்திருந்தான். பட்டன் கட்டிக்கிட்டு."

"பட்டனா?" என்றாள். எழுந்து போய் அந்த நாற்காலியைத் தொட்டாள். திடீரென்று சிரித்தாள். "வூட்ல அவரு சட்டையில பட்டன் அறுந்தா நான்தாண்ணே கட்டணும்!" சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

போகும்போது இன்னொன்று கேட்டாள். "அதுக்கப்புறம் அவர ஒரு தடவகூடக் கூப்புடலையாண்ணே?"

"இல்லம்மா" என்றேன்.

கூப்பிட்டார்கள். உனக்கு அது தெரியாது. நான் உடுப்புப் போட்ட இரண்டாம் வருஷம் சென்னையிலிருந்து புது முகமூடி வந்தது. பழையதில் பாதிகூடக் கனமில்லை, கழுத்தில் காற்று வர ஓட்டைகள் இருந்தன. மேனேஜர் கேட்டார்: "பழைய ஆளு இப்ப எப்படிங்க இருக்காரு? இத அவரு போட்டுக்கலாம். கொஞ்ச கொஞ்சமா எடுத்துக்கலாம். டைரக்டருக்கு அவரு நடை மேல இன்னும் ஆசை. கேட்டுச் சொல்லுங்களேன்." நான் அந்த இடத்திலேயே, "இன்னும் மூச்சு வாங்குதுங்க, முடியாதுங்க" என்றேன். உனக்கு மூச்சு வாங்கியது உண்மை. டாக்டர் தடுத்ததும் உண்மை. ஆனால் உன்னைக் கேட்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. பாறை மேல் ஏறி நின்றால் தூரத்தில் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் கை தட்டும் சத்தம் எனக்குப் பழகிப் போயிருந்தது. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எல்லா ஷாட்டையும் வரிசையாகச் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. நீ வேர்க்கடலையில் பாதியை என் கையில் கொட்டிவிட்டு பஸ் ஏறினாய்.

உன்னைக் கேட்டிருந்தால் நீ முடியாது என்றுதான் சொல்லியிருப்பாய் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனாலும், ஒரு தடவை கூப்பிட்டார்கள் என்ற செய்தியாவது உனக்குக் கிடைத்திருக்கும்.

தமிழரசியை பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அண்ணே, நீங்களும் அண்ணியும் அவரு எடத்துல நின்னு பொண்ணத் தாரை வார்த்துக் குடுக்கணும். அவளும் அதத்தான் சொல்றா" என்றாள். பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. சரி என்று இன்னும் நான் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை விக்கிரமங்கலம் போகிறேன். மேனேஜர் கேட்டதையும் நான் சொன்னதையும் அவளிடம் சொல்லப் போகிறேன். அதைக் கேட்ட பிறகும் நிற்கச் சொன்னால், நிற்கிறேன்.