நாற்பது நாள் முடிகிற ஞாயிறு

ஆசையோடும் கோபத்தோடும் நான் குடும்பம் நடத்திய ஒரே ஆளுக்கு, நம் ஆரோக்கியத்தின் அப்பாவுக்கு,

நேரில் உங்களை 'யோவ்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' என்றுதான் வருகிறது. நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டதே, அந்த மரியாதைகூட இல்லாமல் எப்படி? இன்று பெரிய சனிக்கிழமை, விடிந்தால் ஈஸ்டர். ஆரோக்கியம் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து உள்ளே தூங்குகிறான். அவன் எழுந்திருப்பதற்குள் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் நல்ல சேதி. உங்கள் பேத்தி பிரின்சி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். கிறிஸ்துமஸ், புது வருஷம், பொங்கல் என்று வரிசையாக வந்த கொண்டாட்டத்தோடு அவள் விசேஷமும் சேர்ந்துகொண்டது. படப்பையில் மண்டபம் பிடித்தோம். ஆரோக்கியம் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து மட்டும் ஒரு பஸ் நிறைய ஆள். உங்கள் அக்கா மகள் சாயம் போன சேலையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அதை நான் மறக்கப்போவதில்லை.

பிறகு ஆல்பம் வந்தது. பெண்ணுக்குப் பக்கத்தில் அப்பா நிற்க வேண்டிய படத்தில் அவன் இல்லை. அந்த நேரத்தில் அவன் பந்தி நடந்த இடத்துக்குப் பின்னால், கை கழுவும் குழாய்க்கு அடியில் விழுந்து கிடந்தான். பிரின்சி ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கியது. யூனிபாரத்தோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, நேராகக் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டான். தவக்காலம் முடிகிறவரை குடியைத் தொட மாட்டேன் என்று பெண்டாட்டியிடம் சொன்னான். சொன்னபடி தொடவும் இல்லை.

நீங்களும் வருஷா வருஷம் அப்படித்தானே? ஊரெல்லாம் கறியை விடும், நீங்கள் குடியை விடுவீர்கள். அந்த நாற்பது நாள்தான் எனக்குப் புருஷன் இருக்கிற மாதிரி இருக்கும். எல்லோரும் ஈஸ்டர் எப்போது வரும் என்று காத்திருக்க, நான் மட்டும் அது வரவே கூடாது என்று வேண்டிக்கொள்வேன். ஆண்டவர் உயிர்க்கிற நாளே வேண்டாம் என்று கேட்கிறவள் நம் கோயிலில் வேறு யார் இருப்பாள்?

அந்தப் பயம் இப்போது நம் மருமகள் ஸ்டெல்லாவுக்கு வந்திருக்கிறது. ஆரோக்கியத்துக்கு இந்த நாற்பது நாளும் லேசாகப் போகவில்லை. சாம்பாரில் உப்பு என்றால் ஒரு சண்டை, செருப்பு இடம் மாறினால் ஒரு சண்டை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். நேற்று பெரிய வெள்ளி. கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து, கஞ்சி வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது ஸ்டெல்லா சொன்னாள்.

"அத்த, ஞாயித்துக்கெழம எங்க அண்ணன் வர்றாரு. பாட்டில் இல்லாம வர மாட்டாரு. இவரு தொட்டாருன்னா திங்கக்கெழம நானும் பிரின்சியும் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவோம். அப்புறம் வந்து கூப்டாதீங்க."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்று காலை ஆரோக்கியம் வந்ததும் டீ போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கமாகச் சொல்வதை ஆரம்பித்தேன். உன் மச்சானிடம் ஜாக்கிரதையாக இரு. உங்கப்பா அந்த வருஷம் குடியை விட்டு நல்லாத்தான் இருந்தார், கூடப் பிறந்த லூர்துதான் இழுத்துக்கொண்டு போய்க் கெடுத்தான் என்றேன். அவனை இருபத்தாறு வருஷமாக நான் இந்த வாசல்படி ஏறவிடவில்லை. உங்கள் அடக்கத்துக்கு சுங்குவார்சத்திரத்திலிருந்து வந்தவன் தெருவில் நின்றே அழுதுவிட்டுப் போனான். அவன் மேல் இருக்கும் கோபத்தை வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வேன். சாமியார் ஜெபமாலை சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு வந்து மறுபடி கோபப்படுவேன்.

ஆரோக்கியம் டம்ளரைக் கீழே வைத்தான். சத்தம் போடவில்லை.

"சித்தப்பா கூப்ட்டாரு, வாஸ்தவந்தான். அப்பா வரலன்னுட்டு ஒக்காந்துனு இருந்தாரு. போன்னு சொன்னது நீ. நான் அங்கதாம்மா இருந்தேன்."

அப்போது அவன் ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமும் நான் லூர்துவைத் திட்டத் திட்ட, இவன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறான்.

என் ஞாபகம் உங்களுக்குத் தெரியும். எந்தக் கல்யாணத்தில் எனக்கு யார் கடைசிப் பந்தியில் இலை போட்டார்கள் என்பதுவரை சொல்வேன். இதை மட்டும் மறந்திருப்பேனா? அந்த வருஷம் ஈஸ்டர் வந்தும் நீங்கள் குடிக்கவில்லை. என் அண்ணன் குடும்பம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து விருந்துக்கு வந்திருந்தது. நீங்கள் கட்டிலில் ஒரு ஓரமாக, யாரிடமும் பேசாமல், முகம் கறுத்து உட்கார்ந்திருந்தீர்கள். லூர்து வந்து, "விரதந்தான் முடிஞ்சிதே, வாண்ணா" என்றான். இருக்கட்டும்டா என்றீர்கள். என் அண்ணிக்காரி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்ல நாளும் அதுவுமா எழவு வூட்ல ஒக்காந்தா மாதிரி இன்னாய்யா இது? போயிட்டுதான் வாயேன்" என்றேன்.

நீங்கள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, "போவட்டா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. கறி அடிப்பிடித்துவிடும் என்று கிண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது எதற்குக் கேட்டீர்கள்? வேண்டாம் என்று நான் சொல்வேன் என்றா? சொல்லியிருந்தால் இருந்திருப்பீர்களா? இல்லை, அடுத்த வாரம் எப்படியும் போயிருப்பீர்களா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

ஆரோக்கியம் டீயைக் குடித்து முடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது கேட்டான்.

"நாளைக்கி இன்னாம்மா சொல்லப்போற?"

பதிலுக்கு நிற்காமல் அவன் போய்ப் படுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஸ்டெல்லாவின் அண்ணனுக்குப் போன் போட்டேன். தம்பி, நாளைக்கு வா, வயிறாரச் சாப்பிடு, கையை மட்டும் வீசிக்கொண்டு வா என்றேன். நல்ல நாளில் இப்படியா பேசுவது, சம்பந்தி வீட்டு மரியாதை இதுதானா என்று குதித்தார். "கோச்சிக்கினா கோச்சிக்கோப்பா" என்றேன். வரமாட்டாரோ என்னவோ. வராவிட்டால் இந்த விஷயத்தைச் சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிடுவார். சொல்லட்டும்.

லூர்துவுக்கும் போன் போட்டேன். உங்களை அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். தெரியும் அண்ணி என்றான். நாளைக்கு வா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு அவனைக் கண்டால் இன்னும் பிடிக்கவில்லை. இருந்தாலும் வரட்டும்.

நாளைக்கு உங்கள் பிள்ளை சிடுசிடுவென்று இருந்தால் இருக்கட்டும். விருந்தாளி முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். சமையலை ஸ்டெல்லாவிடம் விட்டுவிட்டு நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். அவன் எழுந்தால், "போவாதடா, இரு" என்று வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். திங்கட்கிழமையும் சொல்வேன், அதற்கு மறுநாளும் சொல்வேன். அவன் இருப்பானா என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் மட்டும் இருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்னும் உங்கள் பெண்டாட்டியாகவே இருக்கிற,
அடைக்கலமேரி