இரண்டு முறை கை தூக்கியதைச் சரியாகப் பதிவு செய்யக் கோருதல்

அனுப்புநர்:
ரைகுல் தோக்சான்பயேவா (வயது 63),
பள்ளி உணவகச் சமையலர்,
அக்ஜகா, பல்காஷ் ஏரிக்கரை.

பெறுநர்:
மின்திட்டக் கருத்துக்கேட்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட நிர்வாகம்.

பொருள்: மார்ச் 14 கூட்டத்தில் என் கருத்து "புரியவில்லை" எனப் பதிவானது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அணு உலை வேண்டுவோர் கை தூக்கச் சொன்னீர்கள், தூக்கினேன். பிறகு, காற்றாலையும் மின்கலக் கிடங்கும் வேண்டுவோர் என்றீர்கள், அதற்கும் தூக்கினேன். அரங்கமே சிரித்தது. "நல்லவேளை, பொண்ணு கேட்டு நான் ஒருத்தன்தான் வந்தேன். ரெண்டு பேர் வந்திருந்தா ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லியிருப்படி" என்று என் கணவர் மெய்ராம் இன்றும் கேலி செய்கிறார். ஆனால் நான் புரிந்துதான் தூக்கினேன்.

2. எங்கள் ஒரே மகன் தாஸ்தான் துருக்கியில் அணு உலைக் குழாய்களுக்கு வெல்டிங் செய்கிறான். போய் ஒன்பது ஆண்டுகள். "நம்ம ஊர்ல உலைக்கு ஆள் எடுக்கட்டும்மா, மறுநாளே பெட்டியோட வந்து நிக்கிறேன்" என்பான். அவனைப் பார்க்க ஏங்கிப் போயிருக்கிறேன், ஐயா. முதல் கை அதற்காக.

3. அதன் பிறகுதான் தங்கள் பொறியாளர் செலவுப் பட்டியலை வாசித்தார். ஓர் இரவைத் தாங்கும் மின்கலத்தோடு காற்றாலை மின்சாரம் அணுமின்சாரத்தைவிட மலிவு. காற்றே அசையாத ஐந்து நாட்களைத் தாங்க வேண்டுமென்றால் மின்கலச் செலவு ஏறி, மலிவெல்லாம் போய்விடும். இதுவரை சரி. அடுத்து காலக்கணக்கு: காற்றாலை இரண்டே ஆண்டில், உலையில் குழாய் வேலைக்கு ஆள் எடுக்கவே ஒன்பது ஆண்டு. அப்போது எனக்கு எழுபத்திரண்டு. நீங்கள் காற்றாலை என்றதும் கை தானாக மேலே போயிற்று.

4. நிற்காத மின்சாரம் எனக்கும் வேண்டும்தான். குளிர்காலக் குதிரை இறைச்சியில் மகனுடைய பங்கை ஆண்டுதோறும் எடுத்து வைக்கிறேன். போன மே மாத மின்வெட்டில் பிரீசர் மூன்று நாள் நின்று, அந்த இறைச்சி கெட்டுப்போனது. நாய்க்குப் போடும்போது அழுதுவிட்டேன்.

5. ஆகவே, "எது முதலில் வருமோ அது வேண்டும்" என்று என் கருத்தைத் திருத்திப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். காற்றாலைக் கட்டுமானத்தில் வெல்டருக்கு வேலை உண்டா என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் பதிலை எனக்கு அனுப்புங்கள். உண்டென்றால் நேராக அவனுக்கே அனுப்புங்கள். நான் சொன்னால், அம்மா ஆசையில் சொல்கிறாள் என்பான்; முத்திரை போட்ட காகிதத்தை நம்புவான். அவன் முகவரியை இணைத்துள்ளேன்.

பதிலை எதிர்நோக்கும்,
ரைகுல் தோக்சான்பயேவா (ஒப்பம்)

இடம்: அக்ஜகா
நாள்: மார்ச் 29